சாய்ந்து முடியும் தையல்

எபனேசருக்குக் காலையிலிருந்தே இடுப்பு கழன்று விழுகிற வலி. முப்பது வருசம் அவர் மிதித்த மெஷின் இப்போது இடுப்பில் ஏறி உட்கார்ந்து அவரை மிதிக்கிறது. சாரல் விழுந்தால் வலி இரட்டிப்பு. குற்றாலத்துப் பக்கமிருந்து இறங்கிய மேகத்தில் மேலகரம் கஞ்சித்தண்ணியாக வெளுத்துக் கிடந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கே தையல் கொட்டகைக்குள் டியூப் லைட் போட்டிருந்தார்கள். தகரக் கூரையில் சாரல் இரைச்சல் போடவில்லை. யாரோ நகத்தால் சுரண்டுவதுபோல, நிறுத்தாமல், சின்னச் சத்தமாக இருந்துகொண்டே இருந்தது.

கொட்டகையை நடத்துவது மகள் பெர்சிஸ். எபனேசருக்குச் செக்கிங் வேலை மட்டும். பள்ளிக்கூடம் திறந்தாயிற்று, முன்னூறு யூனிபார்ம் சட்டை திங்கட்கிழமை போயாக வேண்டும். ஒவ்வொரு சட்டையிலும் கழுத்து வழியாகக் கையை விட்டு, உள்தையலைத் தடவிப் பார்த்து, பிசிறு நூலை வெட்டி மடித்து வைக்க வேண்டும். அவருக்குக் கண் மங்கிவிட்டது, விரல் மங்கவில்லை.

நாற்பதாவது சட்டையில் கை உள்ளே போகவில்லை.

கழுத்தைச் சேர்த்துத் தைத்திருந்தது. திருப்பிப் பார்த்தார். இரண்டு கைவாயும் மூடல். கீழ்மடிப்பும் மூடல். பட்டன்பட்டியும் மேலிருந்து கீழ்வரை ஒரே தையல். போட வழியில்லாத சட்டை. உள்ளே ஆள் இருந்தால் வெளியே வர வழியில்லாத சட்டை.

"ஏட்டி ஜெபமலர், இது யாரு கைவேல?"

காலர் வைக்கிற ஜெபமலர் தலையைத் தூக்காமலே சொன்னாள். "எனக்கென்ன கோட்டியா அண்ணாச்சி, காலரை வச்சிட்டுக் கழுத்தையும் மூடதுக்கு? ஒங்க மவ டீ வாங்கிக் குடுக்காம வேல வாங்குதால்லா, அந்தக் கோவத்துல மெஷினே தச்சிருக்கும்."

மற்ற நான்கு பெண்களும் சிரித்தார்கள். எபனேசர் சிரிக்கவில்லை. தையல் முடிகிற இடத்தைப் பெருவிரலால் தேடினார். நூல் பிரியாமலிருக்க, முடிக்கும்போது இரண்டு மூன்று தையல் பின்னால் வந்து பூட்டுவார்கள். அது ஆளுக்கு ஆள் மாறும், கையெழுத்து மாதிரி. இதில் மூன்று தையல் பின்னால் வந்திருந்தது. மூன்றும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

வலது ஆள்காட்டி விரலில் பாதி இல்லாதவன் துணியை இழுத்தால்தான் அப்படிச் சாயும். அப்படி ஒருத்தனைத்தான் அவருக்குத் தெரியும். மன்சூர்.

சட்டையைச் சுருட்டி மேசைக்கு அடியில் தள்ளினார்.

பெர்சிஸ் குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்து போனை நீட்டினாள். "யப்பா, தாராவியிலேருந்து பென்னியண்ணன் வீடியோ அனுப்பிருக்கான். நீங்க இருந்த தெருவ இடிக்காவ."

பார்த்தார். ஒரு காலத்தில் அந்தச் சந்தில் கொட்டகைக்குப் பன்னிரண்டு மெஷின். கீழே தையல், பரணில் தூக்கம், சாயாவில் தோய்த்த பாவ் ரொட்டிதான் காலைச் சாப்பாடு. ஒரு சட்டையை எட்டுப் பேர் தைப்பார்கள்; ஒருத்தன் கை மட்டும், ஒருத்தன் காலர் மட்டும். திருநெல்வேலித் தமிழும் பீகார் இந்தியும் ஒரே நூல்தூசியைத் தின்று இருமின. இப்போது சுவரெல்லாம் சிவப்புச் சாயத்தில் நம்பர். மெஷின்களை லாரியில் ஏற்றி அவரவர் ஊருக்குக் கொண்டுபோகிறார்கள். மஞ்சள் வண்டி ஒன்று, துருப்பிடித்த ஷட்டரைக் கவ்விப் பிய்த்தது.

அந்த ஷட்டர்.

"எப்ப எடுத்தது?"

"நேத்து. பொறவு ஒரு விசயம், வடகரை சைதூன் பீவியம்மா போன் பண்ணுனாவ. நாலு மணிக்கு இங்கன வாராவளாம். அவிய மவன் மன்சூரு ஒங்ககூடத்தான இருந்தான்? தெருவ இடிச்சிட்டா அவன் தேடிவந்தா எங்க வந்து நிப்பான்னு கேக்காவ. பாவம்."

அந்தச் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆர்டர் நெருக்கும்போது பக்கத்துக் கொட்டகைக்காரன் பீசுக்கு நாலணா கூடத் தருவதாகச் சொல்லி டெய்லரை இழுத்துக்கொள்வான். அதனால் பீஸ் முடிகிறவரை ஷட்டரை வெளியே பூட்டிவிடுவார்கள். சாவி மாஸ்டரின் சட்டைப் பையில் இருக்கும். எபனேசர்தான் மாஸ்டர். இருபது வருசத்துக்கு முந்திய ஜூலையில், பம்பாயே முங்கிய அன்று, கடைசி ஐம்பது பீஸோடு மன்சூரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு நூல் வாங்கப் போனார். அதற்குள் சாக்கடை ஏறிவிட்டது. எதிர் மாடியில் ஏறி நின்றுகொண்டார். ஷட்டர் அதிர்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் பரணையும் முக்குகிறவரை வெகுநேரம் அதிர்ந்தது. நீந்திப் போயிருக்கலாம். போகவில்லை.

மூன்றாம் நாள் விடியுமுன் திறந்து, உள்ளே கிடந்ததை வெளியே இழுத்து, தண்ணீர் கொண்டுவந்து ஒதுக்கிய பிணங்களோடு போட்டார். யாரும் கேட்கவில்லை. வடகரைக்குப் போன் போட்டு, மன்சூர் சொல்லாமல்கொள்ளாமல் சூரத்துக்கு ஓடிவிட்டான் என்றார்.

இரண்டு மணிக்குள் ஏழு சட்டை வந்துவிட்டன. ஏழும் மூடல். ஒன்றின் கழுத்தை வெட்டினார். ஒரு கை அளவு தண்ணீர் மடியில் கொட்டியது. கறுப்புத் தண்ணீர். சாக்கடை, மெஷின் ஆயில், நனைந்த புதுத்துணி, மூன்றும் கலந்த வாடை.

"நாறுதா ஜெபமலர்?"

"சாரல் வாசம் அண்ணாச்சி. ஒங்க மூக்கக் கழத்தி ஆயில் விடணும்."

மூன்றரைக்குக் கரண்டு போனது. ஐந்து மெஷினும் ஒருசேர நின்றன. பெண்கள் கையை நெட்டி முறித்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார்கள். பெர்சிஸ் ஆட்டோவில் வருகிற கிழவியைக் கூட்டிவர ரோட்டுக்கு நடந்தாள்.

கொட்டகையில் எபனேசர் மட்டும். தகரத்தில் சுரண்டல். மூலையில் துணிக்கட்டுகளின் நிழல், ஆள் குந்தியிருக்கிற உயரத்துக்கு. அப்போது ஒரு மெஷின் ஓடியது. கரண்டு இல்லாமல். நீளமாக ஓடி, நின்று, டக், டக், டக் என்று மூன்று முறை பின்னால் வந்து பூட்டியது.

கடைசி வரிசை. திரும்பிப் பார்க்கவில்லை.

மகளைக் கூப்பிடப் போனை எடுக்கச் சட்டைப் பையில் கைவிட்டார். கை போகவில்லை. பை மூடித் தைத்திருந்தது. உள்ளே இருந்தது போன் இல்லை. சின்னதாக, கனமாக, குளிர்ந்து, பல் வெட்டிய ஏதோ ஒன்று நெஞ்சில் அழுந்தியது.

மறுபடி ஓடியது. ஒரு வரிசை முன்னால். டக், டக், டக்.

"சொல்லிருதேன்," என்றார் காற்றைப் பார்த்து. "ஒங்கம்மா வரட்டும்லே. எல்லாத்தையும் சொல்லிருதேன்." பெர்சிஸ் அவர் முகத்தில் காறித் துப்பட்டும். கொட்டகை போகட்டும். வாயை அசைத்து, சாவுக்கு அவர்கள் சொல்லும் சொல்லாலேயே சொல்லிப் பார்த்தார். ஒங்க மவன் மௌத்தாயிட்டான். நான்தான் பூட்டுனேன்.

பக்கத்து மெஷின் ஓடியது. காதுக்குக் கீழே. தாடையில் ஈரம். சில்லென்ற ஒரு கை, ஆள்காட்டி விரல் குறைந்த கை, அவர் முகத்தைத் துணியைப்போல இழுத்துப் பிடித்தது.

வலிக்கவில்லை.

"உள்ளதான் இருக்காவ, போங்கம்மா. நான் கரண்டு ஆபீசுக்குப் போன் பண்ணிட்டு வாரேன்." வாசலில் பெர்சிஸின் குரல்.

சைதூன் பீவி சுவரைத் தடவிக்கொண்டு வந்து எதிர் முக்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. நனைந்த முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எபனேசரு, இருக்கியாப்பா? ஒன்ன ஏச வரல்ல. எனக்கு எம்பது ஆவப்போவுது. உசுரோட இருந்தா எங்கயும் இருந்துட்டுப் போவட்டும். மௌத்தாயிருந்தா ஒரு ஃபாத்திஹா ஓதணும்லா? உசுரோட இருக்கவனுக்கு ஓதப்பிடாதுன்னு இத்தன வருசம் ஓதாமயே கெடக்கேன். ரெண்டுல எதுன்னு மட்டும் சொல்லு."

வாயைத் திறந்தார்.

திறக்கவில்லை.

விரலைக் கொண்டுபோய் உதட்டைத் தொட்டார். நூல். நெருக்கமான, ஒழுங்கான, நல்ல கைவேலை. இடது கடைவாயில் தொடங்கி வலது கடைவாய் வரை. முடிகிற இடத்தில் மூன்று. மூன்றும் சாய்வு.

தொண்டைக்குள் தண்ணீர் ஏறியது. சாக்கடை, ஆயில், புதுத்துணி. விழுங்கினார். மறுபடி ஏறியது. மேசையைக் குத்தினார். தகர மேசை அதிர்ந்தது. மறுபடி, மறுபடி, விடாமல்.

"சத்தம் கேக்குதுப்பா, நீ இருக்கது தெரியுது. அவசரமில்ல. யோசிச்சே சொல்லு," என்றாள் சைதூன் பீவி. பூ விழுந்த கண்களை அவர் பக்கம் வைத்து, கைகளை மடியில் கோர்த்துக் காத்திருந்தாள்.

எபனேசர் அவளுக்குத் தரவேண்டிய கடன் ஒரே ஒரு சொல். மௌத்து. அது இன்னும் பாக்கி.