லோகேஸ்வரியின் அக்கவுண்ட்

பீடோங்கில் அந்த வீட்டுக்கு உமாராணி வந்து இறங்கியது மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம். தமான் என்கிற அந்தக் குடியிருப்பு வரிசையில் அதுதான் கடைசி வீடு. பின்கதவைத் திறந்தால் பெரிய மழைநீர்க் கால்வாய், அதற்கு அப்பால் எஸ்டேட்டின் செம்பனை மரங்கள். பகலிலேயே அந்த மரங்களுக்கு அடியில் இருட்டுக் கட்டி நிற்கும். ஈர மண்ணும் அழுகிய பழக்குலையும் கலந்த வாடை வீட்டுக்குள்ளும் இருந்தது.

அவளைக் கட்டிக்கொண்டு வந்த ஜீவனுக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி லோகேஸ்வரி காய்ச்சலில் போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. ஏழு வயது மகள் ஷாமளா கதவோரம் நின்று, வந்தவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

கூடத்தில் தேங்காய் அளவுக்கு ஒரு ஸ்பீக்கர் இருந்தது. சொன்னால் விளக்குப் போடும், பாட்டுப் போடும், பேசுகிறவரின் குரலை அடையாளம் கண்டு பெயர் சொல்லிப் பதில் கொடுக்கும். செருப்பைக் கழற்றிக்கொண்டே ஜீவன் லைட்டைப் போடச் சொன்னான்.

"குட் ஈவ்னிங், ஜீவன்," என்றது அது. விளக்கு எரிந்தது.

கொஞ்சம் பொறுத்து, யாரும் வாய் திறக்காமலே இன்னொரு முறை பேசியது.

"குட் ஈவ்னிங், லோகேஸ்வரி."

உமாராணி திரும்பி ஜீவனைப் பார்த்தாள்.

"பழைய அக்கவுண்ட்லா. அவதான் செட் பண்ணா, எல்லாம் அவ பேர்லயே ஓடுது," என்றான் ஜீவன். "அழிக்க எனக்கு மனசு வரல."

மனசு வராதாம். புதுப் பெண்டாட்டியை அழைத்துவர மட்டும் மனசு வந்துவிட்டது! உமாராணி வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

மறு வாரம் ஜீவனின் அக்கா தேவகி சுங்கை பட்டாணியிலிருந்து வந்து பூவாடைக்காரி படையல் போட்டாள். சுமங்கலியாகச் செத்தவளைச் சொம்புத் தண்ணீரில் வீட்டுக்குள் அழைத்து, பூவும் புதுச் சேலையும் வைத்துக் கும்பிடுகிற வழக்கம் அது. "லோகேஸ்வரி, வாம்மா, வீட்டுக்குள்ள வா," என்று தேவகி வாய்விட்டுக் கூப்பிட்டாள். கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் ஸ்பீக்கரில் நீல விளக்கு எரிந்து அணைந்தது.

முடிந்ததும் சேலையை உமாராணி கையில் கொடுத்தாள். "இத நீதான் கட்டணும்மா. கட்டுறவங்ககிட்டதான் அவ வந்து இருப்பா. ஒனக்குத் துணையா இருப்பா."

செத்தவள் துணை யாருக்கு வேண்டும்? உமாராணிக்கு அந்த மஞ்சள் சேலையைத் தொடவே கூசியது. "அம்மா சேல எனக்கு வேணும் ஆன்டி," என்று ஷாமளா கேட்டதும், விட்டது தொல்லை என்று பாசார் பக்கத்துத் தையல்காரியிடம் கொடுத்துப் பாவாடை தைத்துவிட்டாள். பிள்ளை அதைக் கழற்றவே மாட்டேன் என்றது.

அதற்குப் பிறகு ஸ்பீக்கர் அடிக்கடி பதில் சொல்ல ஆரம்பித்தது. கேட்டவர் குரல் மட்டும் யார் காதிலும் விழவில்லை.

உமாராணி மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். வெளியே மழை இருட்டு.

"ஓகே, லோகேஸ்வரி. கிச்சன் லைட் ஆஃப்."

அணைந்தது.

எண்ணெய் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. மீன் வாடைக்கு நடுவே மல்லிகை வாசம் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது.

அன்றைக்கே ஸ்பீக்கரின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டாள். பிடுங்கி என்ன, ஷாமளாவின் டேப்லெட்டும் அதே அக்கவுண்டில்தான் இருந்தது. பிள்ளை பள்ளிக்கூடப் பாடம் எழுதிக்கொண்டிருந்த ஒரு மாலையில் அது தானாக ஒளிர்ந்தது.

"ஓகே, லோகேஸ்வரி. காலிங் ஷாமளா."

பிள்ளை பென்சிலைப் போட்டுவிட்டு எழுந்தது.

நேராகப் பின்கதவுக்குப் போனது.

உமாராணி ஓடிப் பிடித்தபோது ஷாமளாவின் ஒரு கால் கால்வாய் விளிம்பில் இருந்தது. தண்ணீர் கரை முட்ட ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கம்மா போற?"

"அம்மா கூப்பிட்டாங்கலா ஆன்டி," என்று கிசுகிசுத்தது பிள்ளை. "எங்கிட்ட வந்துடுன்னாங்க."

உமாராணி அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டு அழுதாள். அதுவரைக்கும் யாரோ பெற்ற பிள்ளை. அந்தக் கால்வாய்க் கரையில்தான் அவள் பிள்ளை ஆனது.

ஜீவன் வேலை முடிந்து வந்ததும் மழையில் நனைந்த சேலையோடே கேட்டாள். "ஒன்னு அந்த அக்கவுண்ட் இருக்கணும், இல்ல நம்ம பிள்ள இருக்கணும். எது வேணும், சொல்லுங்க."

ஜீவன் போனை எடுத்தான். போனில் லோகேஸ்வரியின் பெயரைத் தொட்டான். நிச்சயம்தானா என்று போன் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினான். பெயர் போய்விட்டது. அவள் எங்கே போவாள் என்று அந்த அவசரத்தில் யாருக்கும் யோசனை ஓடவில்லை.

பிளக்கை மறுபடி மாட்டி ஆளுக்கு ஒரு அக்கவுண்ட் போட்டார்கள். "குட் ஈவ்னிங், உமாராணி," என்றது ஸ்பீக்கர். மல்லிகை வாசமும் இல்லை. அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முதல்முறையாக உமாராணி சிரித்தாள்.

கடைசியாக ஷாமளாவின் குரலைப் பதிய வேண்டும். மஞ்சள் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு பிள்ளை ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்தது. ஜீவன் சொல்லிக்கொடுத்த வாக்கியங்களைத் திருப்பிச் சொன்னது.

நீல விளக்கு சுற்றியது.

நின்றது.

இந்தக் குரலை எனக்கு முன்பே தெரியும் என்று ஸ்பீக்கர் ஆங்கிலத்தில் சொன்னது.

"வெல்கம் பேக், லோகேஸ்வரி."

ஷாமளா மெல்ல எழுந்து, உமாராணி அங்கே இருப்பதையே பாராதவளாக அவளைக் கடந்து ஜீவனிடம் போனாள்.

"ஏங்க," என்றாள் தாழ்ந்த குரலில். "சாப்பாடு எடுத்து வைக்கட்டா?"

"ம், வை லோகா," என்றான் ஜீவன், பழக்கதோஷத்தில்.

சொன்ன பிறகுதான் அவன் முகம் வெளுத்தது.