மிதவைக்குள் பிராண்டிய ஆவி

புனித வாரத்துத் திங்கட்கிழமை. காலை எட்டு மணி.

மக்தலேனா ஆற்றிலிருந்து கிளம்பிய ஒற்றை எஞ்சின் மிதவை விமானம் ஒரு தென்னை உயரம்கூடப் போகவில்லை. மூக்கைத் தூக்கியது, தூக்கியது, தூக்கிக்கொண்டே இருந்தது. பிறகு மனசு மாறினாற்போல் வாலடியாக ஆற்றிலேயே விழுந்தது. கரையில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தவர்களுக்குக் கையை இறக்கவும் தோன்றவில்லை.

புவேர்த்தோ மான்சோ ஊரின் போலீஸ் இன்ஸ்பெக்டர் எவாரிஸ்தோ படகு பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் விமானி கேப்டன் ஓட்மாரின் உயிர் போய்விட்டது. ஜெர்மன்காரர். ஊர் பாஷையைத் தப்புத்தப்பாகப் பேசி, அதற்கு ஊர் சிரித்தால் கூடச் சேர்ந்து சிரிக்கிற நல்ல மனிதர். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். விமானத்தில் இருந்த ஒரே பயணி டோன்யா எர்சிலியா அம்மாள், உடைந்த இறக்கையைப் பிடித்துக்கொண்டு, தலைத்தொப்பி நலுங்காமல் மிதந்துகொண்டிருந்தார்.

விமானத்தைத் தண்ணீரில் தாங்க, சக்கரத்துக்குப் பதில் மாட்டியிருந்த உள்ளே காலியான இரண்டு மிதவைகளில் இடது மிதவை சுக்குநூறாகிவிட்டது. வலது மிதவை மட்டும் முழுசாகக் கழன்று மணல்திட்டில் ஒதுங்கியது. அதை இழுத்துவந்து விமானக் கம்பெனியின் கொட்டகையில் போட்டார்கள்.

உடலை இறக்கிய கையோடு கம்பெனி ஏஜெண்டு பெலிசாரியோ வந்து நின்றார். பயணிகளையும் மூட்டைகளையும் தராசில் நிறுத்து ஏற்றுகிறவர் அவர்தான். ஒரு கைக்குட்டை அதிகமானாலும் இறக்கிவிடுகிற கறார் ஆசாமி.

"நீங்க தேடி அலைய வேண்டாம், இன்ஸ்பெக்டர். மிதவை ரெண்டுலயும் தண்ணி. வால் பக்கம் ஆத்துல அமுங்கிக் கெடந்ததை ஊரே பாத்துது. தினம் காலையில பம்பு போட்டு எறைக்க வேண்டியவன் யாரு? மெக்கானிக் எலாதியோ. எறைக்கல. அம்புட்டுதான்."

எவாரிஸ்தோவின் சோகத்துக்கு அடியில் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அவர் அதை அதட்டி உட்கார வைத்தார். விஷயம் இதுதான்: அவருடைய ஒரே மகள் ஓதிலியாவை இரண்டு வருஷத்துக்கு முன் நிச்சயம் செய்துகொண்டவன் இந்த எலாதியோ. கையில் எண்ணெய் நாற்றம், தோளில் ஓர் அக்கார்டியன், அதில் வாசிக்கத் தெரிந்தது ஒரே ஒரு பாட்டு. அந்தப் பாட்டை ஜன்னலுக்குக் கீழே நின்று வாசிப்பான். போதாக்குறைக்கு டோமினோ ஆட்டத்தில் வருங்கால மாமனாரை ஊர் பார்க்கத் தோற்கடிப்பான். இவனிடமிருந்து எப்படி விடுபடுவது என்று இரண்டு வருஷமாகத் தெரியாமல் தவித்தவருக்கு வழி தானாக வந்து கதவைத் தட்டியது. புதன்கிழமை நீராவிப் படகு வரும். இன்ஸ்பெக்டர் ஒரு கையெழுத்துப் போட்டால் எலாதியோ அதில் ஏறி பாரான்கீயா நகரச் சிறைக்குப் போவான். பல வருஷம் திரும்ப மாட்டான்.

முதலில் விசாரணை. காவல் அறைக் கம்பிக்கு அந்தப்பக்கம் எலாதியோ அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"தண்ணிய எறைச்சியா?"

"எறைச்சேன் சார்."

"எப்ப?"

"விடிஞ்சதும். கொஞ்சந்தான் வந்துது."

"யாரு பாத்தா?"

"ஆறுதான் பாத்துது."

"ஆத்தைக் கூண்டுல ஏத்த முடியாதுடா. மூடியத் தொறந்து உள்ள பாத்தியா?"

"இல்ல சார். ஒவ்வொரு மூடிக்கும் எட்டுத் திருகாணி. பம்புக் குழாய் போக தனியா சின்ன ஓட்டை இருக்கு. அது வழியாத்தான் எறைப்போம்."

"ஆக, உனக்கு சாட்சியே கெடையாது," என்றார் எவாரிஸ்தோ. குரலில் குதூகலம் தெரியாமலிருக்க இருமிக்கொண்டார்.

சாட்சி இல்லாவிட்டாலும் அவனுக்கு வக்கீல் வீட்டில் காத்திருந்தாள். ஓதிலியா அவர் தட்டில் சோற்றை ஓங்கி வைத்தாள்.

"கையெழுத்துப் போட்டீங்கன்னா நான் கன்னியர் மடத்துல சேந்துடுவேன்பா."

மடத்தில் அக்கார்டியன் கிடையாது என்று எவாரிஸ்தோ ஒரு கணம் யோசித்தார்.

மகள் அந்தக் கணத்தைக் கவனித்துவிட்டாள். "சந்தோஷப்படாதீங்க. மடத்துக்குப் போக மாட்டேன். இதே நாற்காலியில, உங்களுக்கு எதிர்லயே ஒக்காந்து, ஆயுசு பூரா அழுவேன்."

அவர் மனைவி தெமெத்ரியா அடுப்படியிலிருந்து, "நானும் கூட அழுவேன்," என்றாள்.

செவ்வாய், நண்பகல். கேப்டனை அடக்கம் செய்துவிட்டு ஊர் வெயிலுக்குக் கண்ணயர்ந்த நேரம். கம்பெனிக் கொட்டகைக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. கர்க், கர்க் என்று பிராண்டல். வலது மிதவைக்குள்ளிருந்துதான்.

அரை மணியில் ஊரே கொட்டகை வாசலில் நின்றது. ஒருத்தரும் உள்ளே போகவில்லை.

"கேப்டனோட ஆவி," என்றார் பெலிசாரியோ, சிலுவை போட்டுக்கொண்டு. "எலாதியோ பேரைச் சொல்லிக் கூப்பிடுது. யாரும் தொடாதீங்க. பாரான்கீயாலேர்ந்து எங்க இஞ்சினியர் வர்ற வரைக்கும் அந்த மிதவைக்கு சீல்."

பங்குச் சாமியார் வந்தார். மிதவைமேல் தீர்த்தம் தெளித்தார். சத்தம் நிற்கவில்லை. பம்பு ஓட்டை வழியாக ஒரு குடம் தீர்த்தத்தையே உள்ளே ஊற்றினார். அவ்வளவுதான், பிராண்டல் பத்து மடங்காகி, தடதடவென்று உருளும் சத்தமும் சேர்ந்துகொண்டது. சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எடுத்த ஓட்டத்தை ஊர் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தது.

"கேப்டன் புராட்டஸ்டண்டு," என்று கூட்டத்தில் யாரோ விளக்கம் சொன்னார்கள். "நம்ம தீர்த்தம் ஒத்துக்கல."

எவாரிஸ்தோவும் ஓடினார். ஆனால் அவர் ஓடியது டோன்யா எர்சிலியா தங்கியிருந்த விடுதிக்கு என்பதால் அதைக் கடமை என்று சொல்லிக்கொள்ளலாம்.

"விழறதுக்கு முன்னாடி என்ன பாத்தீங்க, அம்மணி?"

"ஆகாயத்தைப் பாத்தேன். கேப்டன் முதுகைப் பாத்தேன். கேப்டன் உசிரைக் கொடுத்து, மூக்கை எறக்கற அந்தக் கம்பை முன்னால தள்ளினாரு. மூக்கு கீழ எறங்கவே இல்ல. பாவம் மனுஷன்." அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடனே கண் சிவந்தது. "ஆனா அந்தப் பெலிசாரியோவை நான் சும்மா விடமாட்டேன். என் பாலாடைக்கட்டிய எறக்கிட்டான்!"

"இப்ப அதுவா முக்கியம்?"

"எனக்கு முக்கியம். ரெண்டு பெரிய கட்டி. பாரான்கீயால இருக்கற என் தங்கச்சிக்கு. எடை கூடுதாம். குடையக்கூட எறக்கச் சொன்னான். எனக்குப் பின்னால வந்த ரெண்டு வியாபாரிங்களையும் சீட்டு இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டான். உள்ள போயிப் பாத்தா நாலு சீட்டுல மூணு காலி!"

"சரி, சரி," என்று இன்ஸ்பெக்டர் எழுந்தார். பாலாடைக்கட்டிப் புகாரை எழுதிக்கொள்ள போலீஸில் யாருக்கும் நேரமில்லை.

புதன், காலை. ஆற்றின் வளைவில் நீராவிப் படகு ஊதியது. எவாரிஸ்தோ பேனாவை மையில் தோய்த்தார். பெலிசாரியோ எதிரே நின்று விசிறிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து தெமெத்ரியா கூடையோடு காவல் நிலையத்துக்குள் நுழைந்தாள். "ஏங்க, பெரிய வெள்ளிக்கு இன்னும் ஒண்ணுமே வாங்கல. கறி ஆகாது. ஆமை மீன் கணக்குதானே, அதை வாங்கலாம்னா சந்தையில ஒண்ணுகூட இல்ல. சதுப்புல பிடிச்ச அத்தனையையும் ஞாயித்துக்கிழமையே யாரோ மொத்தமா அள்ளிட்டாங்களாம். பாரான்கீயால இந்த வாரம் அதுக்குக் கொள்ளை கிராக்கியாம்."

எவாரிஸ்தோவின் பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. ஒரு சொட்டு மை விழுந்தது.

தண்ணீர் பட்டதும் குஷியாகிற ஆவி.

இந்தக் கையெழுத்தைப் போட்டுவிட்டு அப்புறம் யோசித்தால் என்ன என்று அவருக்கு ஆசையாகத்தான் இருந்தது. மிகவும் ஆசையாக இருந்தது. பேனாவை வைத்துவிட்டு எழுந்தார்.

"எலாதியோவைக் கூட்டிட்டு வாங்க. ஒரு திருகாணிச் சாவியும் எடுத்துக்கோங்க."

"சீல் வெச்சது!" என்று பெலிசாரியோ பின்னாலேயே ஓடிவந்தார். "ஆவி!"

கொட்டகையில் மிதவையின் பின்பக்க மூடியைத் திறக்க ஒருத்தரும் முன்வரவில்லை. எலாதியோவின் கையில் விலங்கு. ஆக, இன்ஸ்பெக்டரே மண்டியிட்டார். சாவியை முதல் திருகாணியில் மாட்டினார்.

"இடது பக்கம் திருப்புங்க சார்," என்றான் எலாதியோ.

"தெரியும்டா."

"அது வலது சார்."

எட்டாவது திருகாணி கழன்றது. மூடி விலகியது. உள்ளிருந்து ஒரு சுருக்கம் விழுந்த கழுத்து மெதுவாக நீண்டு, மஞ்சள் கோடு போட்ட தலையோடு இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கண் சிமிட்டியது. அதன் பின்னால் இன்னொன்று. வாழை இலை விரித்து, மிதவையின் வால் அறை முழுக்க, பிதுங்கப் பிதுங்க ஆமைகள்.

"இலையெல்லாம் ஈரம், அவ்வளவுதான்," என்றார் எவாரிஸ்தோ. "சாமி ஊத்தின குடம் தவிர வேற தண்ணி இல்ல. இவன் எறைச்சிருக்கான். வாலை அமுக்கினது தண்ணி இல்ல, இதுங்கதான். இடது மிதவையிலயும் இருந்திருக்கும். உடைஞ்சதும் நீந்திப் போயிருக்கும்."

"பாத்தீங்களா!" பெலிசாரியோ எலாதியோவை நோக்கி விரலை நீட்டினார். "மிதவை இவன் பொறுப்பு! இவனேதான் கடத்தியிருக்கான்!"

ஊர் எலாதியோவைப் பார்த்தது. எவாரிஸ்தோ தலையாட்டினார்.

"நானும் அப்படித்தான் நெனைக்க ஆசைப்பட்டேன். ஆனா டோன்யா எர்சிலியாவோட பாலாடைக்கட்டி விடமாட்டேங்குது. நாலு பேரு போற விமானம். ஒரே ஒரு ஆளு. மூணு சீட்டு காலி. அப்ப ரெண்டு கட்டி எப்படிப் பாரமாகும்? வியாபாரிங்களை ஏன் திருப்பணும்? உள்ள வேற பாரம் இருக்குன்னு தெரிஞ்சவன்தான் வெளிய பாரத்தைக் கொறைப்பான். தராசு எலாதியோ கையில இல்ல. உம்ம கையில இருந்துது, பெலிசாரியோ. நம்ம கண்ணு பூரா மிதவை மேலயே இருந்துது. யாரும் தராசைப் பாக்கல."

"பொய்!" என்று கத்தினார் பெலிசாரியோ. முகம் கன்றிப்போயிருந்தது. "நான் யாரையும் கொல்லல! மொத்த எடை சரியா இருந்துது! ஒவ்வொரு ஆமையையும் நானே நிறுத்தேன்! ஒரு கிராம் கூட…"

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கு உறைத்தது.

"எடை சரிதான்," என்றான் எலாதியோ மெதுவாக. "வெச்ச எடம்தான் தப்பு. கேப்டன் கண்ணுல படக்கூடாதுன்னு வால்ல வெச்சுட்டீங்க. அம்புட்டுப் பாரமும் வால்ல இருந்தா மூக்கு எப்படிய்யா எறங்கும்?"

பெலிசாரியோ தரையில் உட்கார்ந்து அழுதார். அந்த அழுகை நிஜம். கேப்டனை அவருக்கும் பிடிக்கும். விலங்கு கை மாறியது. படகு அவரை ஏற்றிக்கொண்டு போனது.

ஆமைகளைத் தேடிப் பாத்திரங்களோடு வந்த பெண்களை எவாரிஸ்தோ விரட்டிவிட்டார். அத்தனையையும் வண்டியில் ஏற்றிச் சதுப்பிலேயே விடச் சொன்னார்.

சாயங்காலம் எலாதியோ ஆற்றங்கரையில் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"உன்னைத்தான் விட்டாச்சே. இன்னும் என்னடா அழுகை?"

"ஏறும்போது கேப்டன் கேட்டாரு சார். வால் தாழ்ந்திருக்கே, பாத்தியான்னு. தண்ணி எறைச்சாச்சுன்னேன். என்னை நம்பி ஏறினாரு."

 ஆறுதல் சொல்ல வாயெடுத்த எவாரிஸ்தோவுக்கு, இரண்டு நாளாக உள்ளே ஒளித்து வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"எலாதியோ, நீதான் குத்தவாளியா இருக்கணும்னு நான் கடவுள்கிட்ட வேண்டிக்கிட்டேன்."

"தெரியும் சார்."

"தெரியுமா? யாரு சொன்னா?"

"ஊருக்கே தெரியும். கோயில்ல நீங்க கொஞ்சம் சத்தமாத்தான் வேண்டிப்பீங்க." அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஆனா அப்படி வேண்டிக்கிட்டும் நீங்க மூடியைத் தொறந்தீங்க. கேப்டனை எனக்கு அவ்வளவு பிடிக்கும், இருந்தும் நான் தொறந்து பாக்கல."

 எவாரிஸ்தோ அவன் தோளில் கையை வைத்து, "எந்திரி மாப்பிள்ளை, சோறு ஆறிடும்," என்றார்.