மாறினால் மட்டும் மணி

சுவருக்கு அப்பால் மௌஸ் சொடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது; மணிதான் அடிக்கவில்லை.

மத்தியான வெயில் மேசைமேல் சுள்ளென்று விழுந்திருந்தது. மூடிய கதவின் அடியிலிருந்து அப்பாவின் அறை வீச்சம், ஈரத்துணியை நாள்கணக்கில் மூட்டை கட்டி வைத்ததுபோன்ற ஒரு தித்திப்பு நாற்றம், கசிந்து வந்து அவள் குடிக்கிற தண்ணீரில்கூடப் படிந்தது. பக்கவாதம் அப்பாவுக்கு விட்டுவைத்தது வலதுகை ஆள்காட்டி விரல் ஒன்றைத்தான். அந்த விரலுக்காக அவளே ஒரு கணினி நிரல் எழுதியிருந்தாள். திரையில் மூன்று வட்டப் பொத்தான்கள்: தாகம், வலி, புரட்டு. ஒன்றைச் சொடுக்கினால் அதில் புள்ளி விழும், மற்றதில் அழியும், அவள் அறையில் மணி அடிக்கும். அடிக்காதவரை உள்ளே போகவேண்டியதில்லை. உண்மையைச் சொன்னால், அதற்காகத்தான் எழுதினாள்.

அவரைப் பார்த்துக்கொள்ளும் பெண் நேற்றிலிருந்து லீவு. நேற்று மாலை இவளே மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, குழாயில் கஞ்சி ஊற்றிவிட்டு ஓடிவந்தவள்தான்; அப்புறம் உள்ளே போகவில்லை.

அண்ணன் போனில் கூப்பிட்டான்.

"அப்பா எப்படி இருக்கார்?"

"மணியே அடிக்கலண்ணா. நல்லாத் தூங்கறார்."

"மணி அடிச்சாத்தான் எட்டிப் பாப்பியா? அவரென்ன லாட்ஜுல ரூம் போட்டா தங்கியிருக்கார்?"

"நீ ஒரு நாள் வந்து துடைச்சு விடு. அப்புறம் பேசு."

வைத்துவிட்டாள். டிக். டிக். தூங்குகிறவர் எப்படிச் சொடுக்குவார்?

நிரலைத் திறந்தாள். மணிக்கென்று ஒரே வரி. சொடுக்கினால் அடி என்று எழுதவில்லை; தேர்வு மாறினால் அடி என்று எழுதியிருந்தாள். ஏற்கெனவே புள்ளி விழுந்த பொத்தானையே மறுபடி சொடுக்கினால் எதுவும் மாறாது. கடைசி மணி நேற்று மாலை ஆறு பத்துக்கு. வலி. கஞ்சி உள்ளே போனால் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டாள்.

அதன்பிறகு அவர் வேறெதுவும் கேட்கவில்லை. அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்தாள். ஈக்கள். அவர் கன்னத்தில். உதட்டில்.

"அப்பா..."

போர்வை அசைந்தது. மூச்சல்ல. ஓரத்தைத் தூக்கினாள். இடுப்படியில் புண் கிண்ணம்போல் வாய் திறந்திருந்தது. உள்ளே சோறு கொதிப்பதுபோல் வெள்ளையாக எதுவோ நெளிந்தது. நெற்றியைத் தொட்டாள். சில்லிட்டிருந்தது. தாடை விறைத்திருந்தது. உயிர் போய் வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும்.

டிக்.

அவர் கை மௌஸின் மேல். மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினாள். கை வந்தது.

ஆள்காட்டி விரலின் தோல் வரவில்லை. பொத்தானோடு ஒட்டிப்போய், நகத்தோடு, உறைபோல அங்கேயே நின்றது.

உள்ளே ஒன்றுமே இல்லாத அந்த உறை மெல்ல வளைந்தது. அழுத்தியது.

டிக்.