பிர்க்கலி வளவு ஆக்கள்

காலையில் எழுந்ததும் சொந்தக்காரர்களை மறுப்பது எங்கள் வீட்டில் என் வேலை. கோப்பி போடுவது என் கணவர் செந்தூரனின் வேலை. அடுப்பறைச் சுவரில் இருக்கும் உறவுப்பலகை, இரவில் வந்து சேர்ந்த மனுக்களை ஒவ்வொன்றாகக் காட்டும். மட்ரிட்டிலிருந்து ஒருவர், என் கொள்ளுப்பாட்டனாரின் ஒன்றுவிட்ட தம்பி வழி என்பார். ஹூஸ்டனிலிருந்து ஓர் அம்மா, தன் மூக்கையும் என் மூக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பியிருப்பார். நான் விரலால் தள்ளிக்கொண்டே போவேன். மன்னிக்கவும், உறவில்லை. மன்னிக்கவும், உறவில்லை. கோப்பி ஆறுவதற்குள் உலகத்தில் பாதிப் பேரோடு உறவை முறித்துக்கொண்டுவிடுவேன்.

என்னைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். குளிர் நாடுகளில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். பூமியின் நடுப்பாகம் கொதித்து, பெரிய சமவெளிகள் எல்லாம் வறண்டு, மக்கள் கூட்டம் கூட்டமாக நகரத் தொடங்கியபோது, விசா கொடுத்துக் கட்டுப்படியாகாது என்று நாடுகள் கைவிரித்தன. பிறகு உட்கார்ந்து பேசி அடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தன. எந்த ஊரில் உங்கள் உறவென்று ஓர் அடுப்பு எரிகிறதோ, அந்த ஊரில் நீங்கள் குடியேறலாம். அரசாங்கம் யாரையும் அழைக்காது, வீடுதான் அழைக்கும். ஒரு வீட்டுக்கு ஒரு தலைமுறையில் ஓர் அழைப்பு மட்டுமே, அதில் ஒரு குடும்பம் வரலாம். நாங்கள் எங்களுடையதை இன்னும் யாருக்கும் கொடுக்காமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தோம்.

எங்கள் வீடு நோர்வேயின் மேற்குக் கரையில், மலைகளுக்கு நடுவே கடல் நுழைந்து கிடக்கும் ஒரு ஃபியோர்ட்டின் ஓரத்தில் இருக்கிறது. என் முன்னோர் போருக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வடக்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள். அவர்களில் ஒருவர் மீன் நாற்றம் அலுத்துப்போய்த் தெற்கே இறங்கி, ஆளில்லாமல் கிடந்த இந்தப் பண்ணையை வாங்கினார். இப்போது சரிவெல்லாம் திராட்சை. கண்ணாடிக் கூடத்தில் முருங்கை. பண்ணையின் பெயர் பிர்க்கலி. கூரையும் கிணறும் போல அதுவும் வீட்டோடு சேர்ந்து வந்த பெயர்.

சித்திரை மாதத்து ஒரு காலையில் வந்த மனு, 'நான் உங்கள் சொந்தக்காரி இல்லை' என்று தொடங்கியது. கோப்பியைக் கீழே வைத்துவிட்டேன். இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று ஆசையாக இருந்தது. உடனே பேச அழைத்தேன்.

பலகையில் தெரிந்தவள் என் வயதுக்காரி. வெயிலில் காய்ந்து சிவந்த முகம், அதில் பெரிய சிரிப்பு. பெயர் மார்லிஸ் பிர்க்கலி. அமெரிக்காவில், தென் டகோட்டாவில் ஒரு சிற்றூர். காதில் மாட்டியிருக்கும் நாவிணை என்ற மொழிமாற்றிக்கு நான் பிறந்ததிலிருந்தே எங்கள் வீட்டுப் பேச்சைத்தான் பழக்கியிருக்கிறார்கள். அதனால் உலகத்தில் யார் பேசினாலும் எனக்கு யாழ்ப்பாணத்தார் பேசுவது போலவே கேட்கும். மார்லிஸின் ஆங்கிலத்துக்கும் அதே கதிதான்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, உங்களைக் கரைச்சல்படுத்திறன். எங்கடை பூட்டனுக்கும் பூட்டன் நில்ஸ் பிர்க்கலி உந்தப் பண்ணையிலை இருந்துதான் கப்பல் ஏறினவர். முந்தி உங்கை இருந்த பிர்க்கலிக் குடும்பம் இப்ப எங்கை எண்டு தெரியுமோ? அவையள்தான் எங்கடை ஆக்கள்."

"ஏன் இப்ப தேடுறியள்?"

அவள் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "எங்கடை ஊரைப் பூட்டப் போகினம். நிலத்துக்குக் கீழை தண்ணி முடிஞ்சுபோச்சு. குளிர் தொடங்கமுந்தி எல்லாரும் வெளிக்கிட வேணும். அழைக்க ஆக்கள் இல்லாதவைக்குப் பொதுக்குடியிருப்பு. வயது போனவைக்கு வேறை இடம், வேறை மாநிலம். அப்பாவையும் என்னையும் பிரிச்சுப்போடுவினம்."

அவளுக்குப் பின்னால் ஒரு கிழவரின் குரல் ஏதோ உறுமியது. "அவர்தான் ஓர்வில், என்ரை அப்பா. பலகையிலை கதைக்கிறது அவருக்குப் பிடிக்காது" என்றாள்.

தேடுவதற்கு எனக்குப் பெரிய கெட்டித்தனம் தேவைப்படவில்லை. பிர்க்கலிக் குடும்பம் பண்ணையை விட்டுப் பெர்கன் நகரத்துக்குப் போனது இங்கே எல்லோருக்கும் தெரியும். அதன் இன்றைய தலைவர் ஓட்வார் பிர்க்கலி ஓய்வுபெற்ற படகுக் கப்டன், நல்ல மனிதர். டகோட்டா என்றதும் துள்ளிக் குதித்தார். பல தலைமுறைகளாக இரண்டு குடும்பமும் போக்குவரத்து வைத்திருந்து, பிறகு தொடர்பு விட்டுப்போனதாம். அங்கே கோடையில் பிர்க்கலிப் பெருவிழா நடக்குமாம். களஞ்சியச் சுவரில் குடும்பச் சின்னம் வரைந்திருந்தார்களாம். தன் அழைப்பு இன்னும் கையில் இருக்கிறது, இன்றைக்கே எழுதித் தருகிறேன் என்றார்.

சட்டப்படி இரண்டு பக்கமும் மரபுமானியில் எச்சில் வைத்தார்கள். மானி சற்று யோசித்துவிட்டு, ஒரு சொட்டு உறவும் இல்லை என்று அறிவித்தது. ஓட்வார் மூன்றாம் தடவையும் துப்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் வேர்வலையைக் கேட்டோம். உலகத்துத் தேவாலயப் பதிவுகளையும் கப்பல் பதிவுகளையும் கரைத்துக் குடித்த இயந்திரம் அது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும், ஆதலால் இவ்வளவு காலமும் யாரும் கேட்காததை அது சொல்லவில்லை. நில்ஸ் பிர்க்கலி பிர்க்கலி வீட்டில் பிறந்தவர் அல்ல. மலைக்கு அப்பாலிருந்து கூலிக்கு வந்தவர். மாடு பார்த்தார், புல் வெட்டினார், பிறகு கப்பல் ஏறினார். அந்தக் காலத்து நோர்வேயில் ஒருவருக்குத் தகப்பன் பெயர் பின்னால் வரும், அதற்கும் பின்னால் அவர் வாழும் பண்ணையின் பெயர் வரும். பண்ணை மாறினால் பெயரும் மாறும். முதலாளிக்கும் கூலிக்கும் ஒரே பெயர். அமெரிக்காவில் இறங்கியவர்கள் கடைசியாக வாழ்ந்த பண்ணையின் பெயரைக் குடும்பப் பெயராக எழுதிக் கொடுத்தார்கள், பிள்ளைகள் அதை இரத்தம் என்று நம்பினார்கள். நில்ஸ் பிறந்த இடத்தையும் கேட்டோம். மலை சரிந்து மூடிவிட்டதாம், அங்கே யாரும் இல்லை.

மார்லிஸிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப இவ்வளவு காலமும் ஆரின்ரையோ சின்னத்தைக் களஞ்சியத்திலை கீறி வைச்சிருந்தனாங்களோ? ஐயோ, அந்தக் கப்டனின்ரை ஆக்களுக்கு எத்தினை வருசம் கோழி அடிச்சுப் போட்டனாங்கள்!"

சிரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பலகை அணைந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று முழுக்க எந்த வேலையும் ஓடவில்லை.

பின்னேரம் செந்தூரன் திராட்சைக் கொடிகளுக்கு வேலி அடித்துக்கொண்டிருந்தார். ஆணி நீட்டிக்கொண்டே நான் புலம்பினேன். ஒரு மனிதன் வேலை செய்த இடத்தின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டு போவானா, இது என்ன பைத்தியக்கார வழக்கம் என்றேன்.

"ஏன், நாங்கள் மட்டும் திறமோ?" என்றார். "உம்மடை அப்பாவின்ரை ஆக்களை ஊரிலை 'நாவலடி வளவு ஆக்கள்' எண்டுதானே சொல்லுறவை? உங்கடை ஆக்கள் அந்த வீடு வளவை வித்துப்போட்டு வந்து எத்தினை காலம். இப்ப அங்கை ஆரோ இருக்கினம். அவையைத்தான் ஊர் நாவலடி வளவு ஆக்கள் எண்டு சொல்லும். உங்களை ஒருதருக்கும் தெரியாது."

"அப்ப பிர்க்கலி வளவு ஆக்கள் ஆர்?"

சுத்தியல் பாதி வழியில் நின்றது. "கோசலா, வேண்டாம்" என்றார்.

"நாங்கள்தானே?"

"ஒரு அழைப்புத்தான் கிடக்கு. என்ரை சொந்தச் சித்தப்பாவுக்கே குடுக்கேல்லை நீர்."

"உங்கடை சித்தப்பா வந்தால் நான் வெளிக்கிட்டிருப்பன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்தால் பாதி ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம். மீதிப் பாதியை நான் சாப்பாட்டு மேசையில் வாங்கினேன்.

அடுப்புச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. உறவு என்பதை ஒவ்வோர் இனமும் ஒவ்வொரு மாதிரிக் கணக்கெடுப்பதால், மரபுமானி சொல்வது முடிவான தீர்ப்பு அல்ல. முன்னோர் புறப்பட்ட நாளில், புறப்பட்ட ஊரில், எந்த வழக்கப்படி யாரைத் தம்மவர் என்றார்களோ, அந்த வழக்கமே செல்லும். மாமன் மச்சான் முறைகளைக் காப்பாற்றுவதற்காக எங்கள் ஆட்கள் உட்பட பலர் சண்டை போட்டுச் சேர்த்த விதி அது. அதைப் பிடித்துக்கொண்டு மனுப் போட்டேன்.

விசாரணை எங்கள் அடுப்பறையிலேயே நடந்தது. உறவு நடுவர் ராக்னா இந்த ஃபியோர்ட்டில் பிறந்து வளர்ந்தவர். நீண்ட கால்கள், அடக்கமான முகம். மழையில் நனைந்து வந்தவர் வாசலில் சப்பாத்தைக் கழற்றியபடி வணக்கம் சொன்னார். பலகையில் மார்லிஸ் தலைவாரி, நல்ல சட்டை போட்டுக் காத்திருந்தாள். முதல்முறையாக ஓர்வில் கிழவரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பயந்திருந்தார், அதை மறைக்க முறைத்துக்கொண்டிருந்தார்.

"வாதம் புரிகிறது" என்றார் ராக்னா நோர்வீஜியனில்; அதற்கு எங்களுக்கு நாவிணை தேவையில்லை. "அந்தக் காலத்தில் பண்ணையில் வாழ்ந்தவர்கள் எல்லோரும் பண்ணையின் ஆட்கள். நில்ஸும் அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வழக்கம் செத்துப்போய் நூற்றாண்டுகள் ஆகின்றன. இன்று ஒரு வீட்டை விலைக்கு வாங்கியவர் அந்த வீட்டிலிருந்து என்றோ போனவருக்கு எப்படி உறவாவார்?"

படித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. பலகையில் கிழவர் மகளின் கையைப் பிடிப்பது தெரிந்தது.

செந்தூரன் கோப்பிக் கோப்பையை நடுவர் முன் வைத்தபடி, நோர்வீஜியனில் சாதாரணமாகக் கேட்டார். "உள்ளே வரும்போது என் மனைவியை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள்?"

ராக்னா வாசலைத் திரும்பிப் பார்த்தார். வந்தபோது அவர் சொன்னது, 'வணக்கம், கோசலா பிர்க்கலி.' என் பதிவுப் பெயரில் பிர்க்கலி என்று ஓர் எழுத்தும் கிடையாது. ஆனால் மீன்கடையிலும் படகுத்துறையிலும் என்னை அப்படித்தான் சொல்வார்கள். அடுத்த பண்ணையான ஹெல்லேயில் இருக்கும் சோமாலியரை யூசுப் ஹெல்லே என்பார்கள். வழக்கம் சாகவே இல்லை. அதன் நடுவில் வாழ்ந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

ராக்னா கோப்பியை நிதானமாகக் குடித்து முடித்தார். பிறகு அடக்கமான அந்த முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. "பதிவில் முறை எழுத வேண்டும். இவர் உங்களுக்கு என்ன வேண்டும்? எங்கள் மொழியில் இதற்குச் சொல் இல்லை."

"எங்கள் மொழியில் இருக்கிறது" என்றேன். "மச்சாள். அவருடைய அப்பா எனக்கு மாமா."

நாவிணை அந்தச் சொல்லை மொழிபெயர்க்க முடியாமல் அப்படியே விட்டுவிட்டது. மார்லிஸ் "மச்சாள், மச்சாள்" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அவள் கண்ணீர் விட்டதையும் சொல்லத்தான் வேண்டும், நானும் விட்டேன். கிழவர் மட்டும் அசையாமல் முறைத்துக்கொண்டிருந்தார், ஆனால் மகளின் கையை விடவில்லை.

தீர்ப்பு ஃபியோர்ட் முழுக்கப் பரவியது. யூசுப் தன் பண்ணையிலிருந்து மினசோட்டா போனவர்களின் வழித்தோன்றல்களைத் தேடிப் பிடித்தார். இன்னொரு பண்ணையில் இருக்கும் போலந்துக்கார மரியா விஸ்கான்சினில் ஒரு முழுக் குடும்பத்தைக் கண்டுபிடித்து, அவர்களுக்கு இப்போதே உடுப்புப் பின்னத் தொடங்கினாள். ஆவணி மாதம் படகு வந்த நாளில் துறையில் நிற்க இடமில்லை. ஓட்வார் கப்டன் உறவு இல்லாவிட்டாலும் நண்பன்தானே என்று பெர்கனிலிருந்து வந்து நின்றார். எல்லோரும் கழுத்தை நீட்டி, தங்கள் சாயல் துளியும் இல்லாத முகங்களில் தங்கள் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தோம். மார்லிஸ் என்னைக் கண்டதும் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவளிடம் மாட்டுத் தொழுவ மணமும் ஏதோ சவர்க்கார மணமும் கலந்து வந்தது.

ஓர்வில் மாமா ஊன்றுகோலோடு வீட்டு முற்றம் வரை நடந்து வந்தார். மலையைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார், தனியே விடுவோம் என்று நாங்கள் ஒதுங்கி நின்றோம்.

"உந்த வேலியை ஆர் போட்டது?" என்றார்.

செந்தூரன் பெருமையோடு, தான்தான் என்றார்.

"ஒரு ஆடு தும்மினால் விழுந்திடும்."

செந்தூரனின் முகம் சிவந்தது. விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டார். மார்லிஸ் தகப்பன் மேல் பாய்ந்தாள். "அப்பா! கால் வைச்சு ஒரு நிமிசம் ஆகேல்லை. வாயை வைச்சுக்கொண்டு இருக்க மாட்டியளோ?" அவர் திருப்பிக் கத்தினார். முப்பது வருசம் வேலி அடித்தவனுக்குக் கண் தெரியாதோ என்றார். இருவரும் என் முற்றத்தில் நின்று, பழகிய சண்டையைப் பழகிய இடங்களில் மூச்சு வாங்கி நடத்தினார்கள்.

அந்த வேலிக்கு ஆணி எடுத்துக் கொடுத்தவள் நான். எனக்கும் கோபம் வந்தது. மனுப் போட்ட அந்நியர்கள் மேல் ஒருநாளும் இப்படி வந்ததில்லை, இது சொந்தக்காரர் மேல் மட்டும் வருகிற கோபம். அதோடு, பொதுக்குடியிருப்பில் அவளும் வேறு மாநிலத்தில் அவரும், சண்டை பிடிக்க ஆளில்லாமல் ஆளுக்கொரு கட்டிலில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். கோபத்தோடு கோபமாகச் சந்தோசம் பொங்கியது.

கதவு திறந்தது. செந்தூரன் சுத்தியலோடு வந்தார். நேரே கிழவர் முன்னால் போய் நின்று அதை நீட்டினார்.

"எங்கை பிழை எண்டு காட்டுங்கோ, மாமா."

கிழவர் சுத்தியலை வாங்கி எடை பார்த்தார். அதிலும் குறை சொன்னார். இருவரும் சரிவில் இறங்கி வேலிப் பக்கம் போனார்கள், போகும்போதே வாக்குவாதம் தொடங்கிவிட்டது.

மார்லிஸ் பெருமூச்சு விட்டு என் பக்கம் திரும்பினாள். "இவர் இப்பிடித்தான், மச்சாள். இனி உங்களுக்கும்தான்."