மூன்று வயதுக் கட்டி

காலை பத்தேகால். கட்டி களவு போயிருந்தது.

நகை திருடுவார்கள், செருப்புத் திருடுவார்கள். இமையில் வெட்டியெடுத்த கட்டியை எவன் திருடுவான்? நுண்ணோக்கியில் குனிந்திருந்த ஆய்வக டாக்டரம்மா அதையேதான் கேட்டுக்கொண்டாள், பல்லைக் கடித்தபடி.

குப்பியின் சீட்டு சரிதான்: தையல்காரம்மா, வயது அறுபத்து மூன்று. உள்ளே இருந்ததோ பிறவியிலேயே உருவாகி, நடக்கப் பழகும் வயதில் இமையோரம் எட்டிப் பார்க்கும் சாதுக் கட்டி. கத்தி வைத்தபோதே ரப்பர் மாதிரி இழுத்தது. நேற்று வெட்டிய சதை அப்படி இழுக்காது. மருந்துத் தண்ணீரில் வருஷக்கணக்கில் ஊறியது இழுக்கும்.

குப்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, அது வந்த கண் மருத்துவமனைக்குப் போனாள்.

வாசல் பெஞ்சில் தையல்காரம்மா, ஒரு கண்ணில் கட்டோடு. கட்டில்லாத கண்ணில் இமைமுடிகூட நரைத்திருந்தது. ஒரே இடத்தில் மூன்று முறை கட்டி வந்து, மூன்று முறையும் பெரிய டாக்டர் சுரண்டி எடுத்தாராம். சோதனைக்கு அனுப்பினாரா என்றால், குப்பைக்கூடைக்கு அனுப்பினாராம்.

பெரிய டாக்டரின் அறையில் அவர் முழுசாக அறுத்தெடுத்த கட்டிகள் குப்பிகளில் வயதுவாரியாக அலமாரியில் நின்றன. மனுஷன் பெற்ற பிள்ளைகளை இவ்வளவு அழகாக வரிசைப்படுத்தியிருப்பாரா, சந்தேகம்தான். ஓர் இடம்கூடக் காலியில்லை.

விசாரணை சுருக்கமாக நடந்தது. நான்காம் முறை வந்த கட்டியை வெட்டியவள் அவருடைய மருமகள், அவளும் டாக்டர். குப்பியில் போட்டு, சீட்டு ஒட்டி, கையெழுத்துக்காக மாமனார் மேசையில் வைத்தாளாம். நேற்றுச் சாயங்காலம் அவள் பூட்டிக் கொடுத்த பெட்டியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனவர் கம்பவுண்டர்.

“இவன்தான் மாத்திட்டான். இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பறேன்,” என்றார் பெரிய டாக்டர்.

“பூட்டின பெட்டிங்கய்யா. சாவி உங்க மருமக கிட்ட,” என்றார் கம்பவுண்டர்.

டாக்டரம்மா அலமாரிக்குப் போனாள். ‘வயது மூன்று’ என்று எழுதிய குப்பியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

“இங்க வாங்க சார். இது என்ன?”

“அதான் எழுதியிருக்கே. குழந்தையோட கட்டி.”

“மஞ்சளா இருக்கு, சரி. ஓரத்துல ரெண்டு இமைமுடி ஒட்டியிருக்கு பாருங்க. மூணு வயசுப் பிள்ளைக்கு நரைச்சிடுச்சா?”

மருமகள் குப்பியை வாங்கிப் பார்த்தாள். பிறகு மாமனாரைப் பார்த்தாள்.

“இது என்னன்னு தெரிஞ்சா, மூணு தடவை சோதனைக்கு அனுப்பாம சுரண்டினதும் வெளிய தெரியும். அதனால கையெழுத்துப் போடறப்போ மாத்திட்டீங்க. சாதுவான கட்டியாத் தேடினீங்க. சின்னப் பிள்ளைங்க இமையில வர்றது பெரும்பாலும் சாது, அதான் கை அங்க போச்சு. அறுபதுக்கு மேல சாதுதான்னு நம்பற தைரியம் கூடாது சார். இமையோட எண்ணெய்ச் சுரப்பியில வர்ற புத்துநோய் சாதாரணக் கட்டி வேஷம் போட்டுத்தான் திரும்பத் திரும்ப வரும். வெட்டிப் பார்த்தாத்தான் உறுதி. அதைப் பார்க்கவிடாமப் பண்ணிட்டு, பழியை இந்த மனுஷன் தலையில கட்டறீங்களே, வெட்கமா இல்ல?” என்றாள் டாக்டரம்மா.

பெரிய டாக்டர் தன் பெயரைப் பற்றியும் முப்பது வருஷத்தைப் பற்றியும் ஏதோ தொடங்கினார். மருமகள் கை நீட்டி நிறுத்தினாள். புகாரைத் தானே எழுதுவதாகச் சொன்னாள். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

சாயங்காலம் நுண்ணோக்கி புற்றுதான் என்றது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அன்றே சீட்டு எழுதினார்கள். கண் தப்புமா என்று தையல்காரம்மா கேட்டாள். பார்க்கலாம், உயிர்தான் முதலில் என்றாள் டாக்டரம்மா.

தையல்காரம்மா சீட்டை மடித்தாள். மூடியிருந்த பெரிய டாக்டரின் அறைக் கதவையே பார்த்தாள்.

“மூணு தடவை சுரண்டினாரு,” என்றாள். “மூணு தடவையும் கும்பிட்டுட்டுல்ல போனேன்.”