எலிகளின் எடை

பேராசிரியை இரண்டு நோட்டுகளை மேசையில் வைத்தார்.

"எடை ஏறாத குழந்தைகளுக்கான மருந்து, சார். எலிகளுக்குக் கொடுத்தோம், எடை ஏறுச்சுன்னு கட்டுரை போட்டோம். இன்னொரு ஆய்வுக்கூடத்துல செஞ்சு பார்த்தா ஏறவே இல்லையாம். அடுத்த மாசம் குழந்தைகளுக்குக் கொடுக்கப் போறாங்க. யாரோ பொய் எழுதியிருக்காங்க."

விசாரணை அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். இந்த வருடத்தில் இப்படி வந்த புகார்களில் இது ஆறாவது. அவருக்கு அலுத்துவிட்டது. பக்கத்தில் இருந்த குமாஸ்தாவுக்கோ கை பரபரத்தது. அலுவலகத்தில் அவருக்குப் பட்டாசு என்றே பெயர்.

காலையில் எடை பார்த்தவள் ஆராய்ச்சி மாணவி, மாலையில் எலிக் கூண்டுகளைப் பராமரிக்கும் கூண்டுக்காரர். ஆளுக்கொரு நோட்டு.

"மாணவிதான் சார்!" என்றார் பட்டாசு. "பக்கத்துக்குப் பக்கம் அடித்தல் திருத்தல். கடைசியில, 'தராசு ரிப்பேர், கடைசிப் பன்னிரண்டு நாளும் இரவல் தராசு, புள்ளிக்கு அப்புறம் ரெண்டு இலக்கம்தான் காட்டுது'ன்னு புலம்பல் வேற. கூண்டுக்காரர் நோட்டைப் பாருங்க, கண்ணுல ஒத்திக்கலாம்!"

அதிகாரி இரண்டையும் நிதானமாகப் புரட்டினார். "கட்டுரையில யாரோட எண்கள்?"

"மாலை எண்கள். அதுதான் சுத்தமா இருந்துச்சு," என்றார் பேராசிரியை.

"அவங்க ரெண்டு பேரையும் வரச் சொல்லுங்க."

இருவரும் வந்து நின்றார்கள்.

"இந்தப் பொண்ணு அடிச்ச எண் அடியில தெரியுது. பக்கத்துல தேதி, கையெழுத்து. மறைக்க நினைக்கிறவ இப்படித் திருத்தமாட்டா," என்றார் அதிகாரி. பிறகு கூண்டுக்காரரிடம் திரும்பினார். "கடைசிப் பன்னிரண்டு நாளும் நீங்க மூணு இலக்கம் எழுதியிருக்கீங்க. ரெண்டு காட்டுற தராசுல மூணாவது எங்கேருந்து வந்துச்சு?"

கூண்டுக்காரரின் தலை கவிழ்ந்தது. "நான் வரவே இல்லைங்க. சம்சாரம் ஆஸ்பத்திரியில. காலையில இந்தப் பொண்ணு தீனி போட்டுடும்னு தெரியும். எடை அதுவரைக்கும் கொஞ்சம் ஏறிச்சு, அப்படியே ஏறும்னு நினைச்சு எழுதிட்டேன்."

"என்கிட்ட லீவு கேட்டிருக்கலாமே!" என்றார் பேராசிரியை.

"கேட்டேம்மா. மீட்டிங் இருக்கு, அப்புறம் வான்னீங்க."

பேராசிரியை மாணவியைப் பார்த்தார்.

"என் எண்கள் ஒத்துவரலைன்னு நானும் சொன்னேன், மேடம். நோட்டை முதல்ல ஒழுங்கா எழுதுன்னீங்க."

ஆளைப் பிடித்த சந்தோஷம் அதிகாரிக்கு இல்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பேராசிரியையின் பக்கம் நகர்த்தினார்.

"கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கிறதா எழுதுங்க. மருந்து சோதனைக்காரங்களுக்கும் இன்னைக்கே ஒரு நகல்."

பேராசிரியை பேனாவை எடுத்தார். "இவர் பொய் எழுதினதையும் போடணுமா?"

"போடுங்க," என்றார் அதிகாரி. "லீவு கேட்டு வந்ததையும் சேர்த்துப் போடுங்க."