பெட்டியில் இல்லாத எலும்பு

காலை ஒன்பது மணிக்கு, மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் எலும்புக்கூட்டுப் பெட்டியைத் திறந்த பேராசிரியைக்குச் சுரீர் என்றது. வலது முன்கையில் ஓர் எலும்பைக் காணோம். கட்டைவிரல் பக்கத்து ஆர எலும்பு. அது இருந்த இடத்தில் யாரோ பஞ்சைப் பதமாக வைத்திருந்தார்கள்.

எங்கே எலும்புக்கூடு கிடைத்தாலும் போலீஸ்காரர்கள் இவரிடம்தான் ஓடிவருவார்கள். ஆணா, பெண்ணா, வயது என்ன என்று புட்டுப் புட்டு வைப்பார். மாணவர்கள் வைத்த பெயர் எலும்பக்கா. இப்போது எலும்பக்காவின் அறையிலேயே திருட்டு!

"சாவி இவர்கிட்டதான் இருந்துச்சு," என்று கல்லூரி முதல்வர் ஆய்வக உதவியாளரைக் கைகாட்டினார். "விக்கத்தான் எடுத்திருப்பார். சாயங்காலத்துக்குள்ள எலும்பு வரலைன்னா வேலை போயிடும்."

உதவியாளரின் முகம் செத்துவிட்டது. "அம்மா, நான் எடுப்பேனா?"

"நேத்து யாருக்காவது திறந்து விட்டீங்களா அண்ணே?" என்றார் எலும்பக்கா.

"சாயங்காலம் பிள்ளைங்க நாலு பேர் படிக்கணும்னாங்க. திறந்துட்டு டீ குடிக்கப் போனேன்."

எலும்பக்கா முதல்வர் பக்கம் திரும்பினார். "விக்கிறவன் மண்டையோட்டை விட்டுட்டு இதை எடுப்பானா சார்? பஞ்சு வேற வச்சிட்டுப் போவானா?"

அது நியாயம்தான் என்று முதல்வர் தலையாட்டினார். ஆனால் கெடு கெடுதான்.

எலும்பக்கா நேற்றைய வகுப்பை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். அதே எலும்பைக் கையில் கொடுத்து, "இவங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றிருந்தார். முறிந்து கோணலாகக் கூடிய எலும்பு என்றான் ஒருவன். இடது எலும்பைவிடக் குட்டை, அதனால் வளரும் வயதில் முறிந்தது என்றாள் இன்னொருத்தி. வகுப்பில் வாயே திறக்காத கடைசி பெஞ்சுப் பெண், "ஊஞ்சல்லேருந்து விழுந்திருக்காங்க" என்றாள்.

"ஊஞ்சல் எங்கம்மா தெரியுது இதுல? கதை விடாதே!"

வகுப்பே சிரித்தது. எலும்பக்காவும்தான் சிரித்தார். இப்போது அந்தச் சிரிப்பை நினைக்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

மதியம் அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நேத்து சாயங்காலம் படிக்க வந்தவங்கள்ல நீயும் ஒருத்தியா?"

"ஆமா மேடம்."

"விழும்போது கையை ஊன்றினா இப்படி முறியும். எலும்பு அவ்வளவுதான் சொல்லும். மரத்துலேருந்தா, ஊஞ்சல்லேருந்தான்னு சொல்லாது. நீ படிச்சுச் சொல்லல, உனக்கு முன்னாடியே தெரியும். யாரும்மா அவங்க?"

பெண் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து, மெல்லப் பிரித்தாள். உள்ளே எலும்பு.

"சித்தி மேடம். அம்மா போனப்புறம் அவங்கதான் வளர்த்தாங்க. உடம்பை இந்தக் காலேஜுக்குத்தான் குடுக்கச் சொன்னாங்க. அதனாலதான் இங்க சேர்ந்தேன். எந்தப் பெட்டின்னு தெரியாது. அந்தக் கோணலைப் பார்த்ததும் தெரிஞ்சுடுச்சு. ரோட்டைக் கடக்கும்போது இந்தக் கையைத்தான் பிடிச்சுக்குவேன். எல்லாரும் சிரிச்சப்போ சித்தியைப் பார்த்துச் சிரிச்ச மாதிரி இருந்துச்சு. ஒரே ஒரு ராத்திரி பக்கத்துல வச்சுக்கலாம்னு… திருப்பி வைக்கிறதுக்குள்ள நீங்க பெட்டியைத் திறந்துட்டீங்க."

எலும்பக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சிரிச்சது என் தப்பு. எடுத்தது உன் தப்பு. அந்த அண்ணன்கிட்ட நீயே போய்ச் சொல்லு. முதல்வரை நான் பார்த்துக்கிறேன்."

போய்ச் சொன்னாள். உதவியாளர் கோபப்படவில்லை. பெட்டியைத் திறந்து, பஞ்சை எடுத்துவிட்டு, "நீயே வை தாயி" என்று விலகி நின்றார்.

மறுநாள் வகுப்பை அந்தப் பெண்தான் எடுத்தாள். முறிவைக் காட்டினாள், இரண்டு எலும்புகளையும் அளந்து காட்டினாள்.

"எப்படி விழுந்தாங்க?" என்றான் ஒருவன்.

அவள் எலும்பக்காவைப் பார்த்தாள்.

"அது எலும்புல தெரியாது. ஆனா எனக்குத் தெரியும். ஊஞ்சல்லேருந்து. இவங்க எங்க சித்தி."

பிறகு எலும்பு பெஞ்சு பெஞ்சாகப் போனது. ஒவ்வொருவரும் அதை இரண்டு கையாலும் வாங்கினார்.